ஆண்டுக்குக் கீழே

தக்கலையில் ஏறினார், தோளில் ரப்பர் ஷீட்டுக் கட்டு.
புளித்த பால் மணம் பஸ்ஸின் பாதி வரை நடந்தது.
மூன்று ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்து தந்தார்.
நான் கொடுத்த இரண்டு ரூபாயை
வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்து
என் கையிலேயே வைத்தார்.
"குருசுக் காசு வேண்டாம். வேற தாரும்."

வேறு எடுத்தேன்.
இரண்டு விரல் நீட்டிய காசு.
அதற்கும் முகம் சுளித்தார்:
"இது ஓட்டுல்லா கேக்குது."
கடைசியில் இரண்டு ஒற்றை ரூபாயில் சமாதானம்.
அதில் ஒன்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது.
நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை.

அதுவரை நான் அந்தக் காசைப் பார்த்ததே இல்லை,
தினம் நூறு கைமாற்றுகிறவன்.
கனம் பார்ப்பேன், விளிம்பு பார்ப்பேன்,
நீ ஐம்பது பைசாவா என்று நகத்தால் கேட்பேன்.
குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று,
மூலைக்கு ஒரு புள்ளி.
நாலு தலை, ஒரே உடல் என்று
பேப்பரில் விளக்கம் வந்திருந்ததாம்.
டிரைவர் ஏசுவடியான் ஸ்டியரிங் மேல் வைத்துப் பார்த்தார்.
"குருசும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல வே.
இது அழகியமண்டபம் ஜங்ஷன்.
நாலு ரோடு. நாலு புள்ளியும்
நடுவுல வந்து நிக்காத நாலு போலீசு."
சொல்லிவிட்டு, அழகியமண்டபத்தில்
முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார்.

மார்த்தாண்டத்தில் ஒருத்தி,
மடியில் சிமென்ட் தூசி படிந்த பை,
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"அண்ணா, அந்தக் குருசுக் காசு கெடக்கா? அஞ்செண்ணம்."
நாளைக்கு அவள் வீட்டுக்கு நிலை வைக்கிறார்கள்.
பத்து ரூபாய் நோட்டைத் தந்து
ஐந்தையும் எண்ணி வாங்கி
கைக்குட்டை நுனியில் முடிந்துகொண்டாள்.
ஐந்தில் ஒன்று தக்கலையில் தள்ளுபடியானது.
இப்போது ஏதோ ஒரு வாசற்படியின் அடியில்
ஆட்கள் ஏறி இறங்குவதைச் சுமந்துகொண்டிருக்கும்.

களியக்காவிளை. வண்டி திரும்ப இருபது நிமிடம்.
சாயாக்கடையில் நூறு ரூபாய் நோட்டைப் புரட்டி
பின்பக்கத்து மொழிக் கட்டத்தைப் படித்தேன்.
எனக்குத் தெரிந்தவை இரண்டு.
மேலிருந்து ஏழாவது மலையாளம்.
பதின்மூன்றாவது தமிழ்.
நடுவே ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்:
மராத்தி, நேபாளி, ஒரியா, பஞ்சாபி, சமஸ்கிருதம்.
இங்கே இருப்பதோ ஒரே பெஞ்சு.
ஒரு முனையில் "ரெண்டு சாயா" என்றால்
மறுமுனை "ரண்டு" என்று வாங்கிக்கொள்ளும்.
நேபாளி எங்கே உட்காருவார்?
கடைக்காரர் நோட்டைப் பிடுங்கி
வெள்ளை ஜன்னலில் ஒளிந்திருக்கும் முகத்தை
ஒருமுறை ஆகாயத்துக்குக் காட்டிவிட்டு
மீதி தந்தார்.

ராத்திரி, டெப்போவில் கரண்ட் இல்லை.
காசாளர் பகவதிப்பெருமாள் டார்ச் தேட,
நான் இருட்டிலேயே பத்துப் பத்தாய் அடுக்கினேன்.
ஒன்று மட்டும் அடுக்கில் நிற்காமல் வழுக்கியது.
வெளிச்சம் வந்ததும் பார்த்தோம். செம்பு.
ஒரு பக்கம் சங்கு.
அந்திக் கூட்டத்தில், ஐம்பது பைசா என்று
எவரோ தள்ளிவிட்ட திருவிதாங்கூர்ச் சக்கரம்.
"சாமிக்க சங்கு" என்றார் பகவதிப்பெருமாள்,
"ஆனா நம்ம கணக்குல ஏறாது."
என் சட்டைப்பையிலிருந்து ஐம்பது பைசா வைத்தேன்.
இந்தச் சங்கைக் கொடுத்துத்தான் குளச்சலில்
ஒரு காலத்தில் மெழுகுவர்த்தி வாங்கியிருப்பார்கள்,
மாதாவுக்கு ஏற்ற.
வேண்டாம், வேற தாரும் என்று
அன்றைக்கும் ஒருவர் சொன்னாரோ என்னவோ.

இப்போது எனக்கும் உற்றுப் பார்க்கும் வியாதி.
ஆண்டுக்குக் கீழே ஒரு பொடிக் குறி இருக்கிறது,
பிறந்த ஊர் சொல்ல.
புள்ளி என்றால் நொய்டா.
வைரம், மும்பை.
ஐதராபாத்துக்கு நட்சத்திரம்.
இதற்காக யாரும் காசைத் திருப்பித் தந்ததில்லை.
பையில் மீந்த குருசுக் காசு ஒன்றை
டார்ச்சுக்குக் கீழே பிடித்தேன்.
நகத்தால் தடவினேன்.
வெறும் உலோகம்.

ஒன்றுமே இல்லை என்றால் கல்கத்தா.